எழுதப்பட்ட தரமும் இயங்கும் எஞ்சினும்: உலாவிச் செயலிகளின் எதிர்காலம் குறித்து

1. கேள்வி

2024 பிப்ரவரியில் ஐஓஎஸ் 17.4 இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பை நிறுவிய ஐரோப்பியப் பயனர்கள் ஒரு மாற்றத்தைக் கவனித்தார்கள். ஐபோனின் முகப்புத் திரையில் அவர்கள் சேர்த்து வைத்திருந்த வலைச் செயலிகள் தனித் திரையில் திறக்காமல், வெறும் உலாவிப் பக்கங்களாகத் திறந்தன. அறிவிப்புகள் வரவில்லை. செயலி தனக்கென்று சேமித்திருந்த தரவும் கைக்கு எட்டவில்லை. ஏதோ பிழை என்றே பலரும் எண்ணினர். சில நாட்களில் ஆப்பிள் நிறுவனமே விளக்கம் தந்தது: வேண்டுமென்றே செய்ததுதான். மார்ச் 7 முதல் ஆப்பிளைக் கட்டுப்படுத்தவிருந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம், பிற நிறுவனங்களின் உலாவி எஞ்சின்களையும் ஐபோனில் அனுமதிக்கச் சொல்கிறது. அவற்றின் மேல் முகப்புத் திரைச் செயலிகளை ஓடவிடுவது பாதுகாப்பல்ல. இந்த வசதியைப் பயன்படுத்துவோரும் மிகச் சிலரே. இதுவே ஆப்பிளின் தரப்பு. டெவலப்பர்கள் திரண்டு எதிர்த்தார்கள், ஐரோப்பிய ஆணையமும் விசாரிக்கத் தொடங்கியது. மார்ச் 1 அன்று ஆப்பிள் பின்வாங்கியது.

இந்தச் சில வாரங்களில் எந்தத் தரநிலை ஆவணத்திலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. முகப்புத் திரைச் செயலிக்கு அடிப்படையான விவரக்கோப்பு, இணையத் தொடர்பு இல்லாதபோதும் செயலியை இயக்கும் சர்வீஸ் வொர்க்கர், அறிவிப்புகளைக் கொண்டுவரும் புஷ் இடைமுகம் ஆகிய மூன்றும் எவரும் காசின்றிப் படிக்கக்கூடிய, எவரும் ராயல்டியின்றி நிறைவேற்றக்கூடிய வரையறைகளாக அப்படியே இருந்தன. இருந்தும் ஒரு நிறுவனத்தின் ஒரு புதுப்பிப்பு ஒரு கண்டத்தில் அவற்றைச் செயலற்றதாக்கியிருக்கும். அப்படியானால் ஒரு தரநிலை திறந்திருப்பது உலாவிச் செயலிக்கு எதை உறுதி செய்கிறது? எதை உறுதி செய்வதில்லை?

இதுவரையிலான விவாதம் பெரும்பாலும் இரண்டு முனைகளில் நின்றது. 2010 ஆகஸ்டில் வயர்டு இதழ் வலை இறந்துவிட்டது என்று அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. செயலிக் கடைகள் வென்றுவிட்டன, உலாவி பழைய ஆவணங்களின் காட்சிக்கூடமாக மிஞ்சும் என்பது அந்த முனை. உலாவிக்குள் எல்லா மென்பொருளும் வந்து சேர்ந்தே தீரும், காலம் மட்டுமே தேவை என்பது மறுமுனை. இரண்டுமே தொழில்நுட்பத்தைத்தான் தீர்மானிக்கும் சக்தியாகக் கொள்கின்றன. ஜோனதன் ஸிட்ரெயின் 2008இல் எழுதிய நூல் வேறு பக்கம் பார்க்கிறது. விற்ற பிறகும் தயாரிப்பாளரின் கட்டுப்பாட்டில் இருக்கும் கருவிகள் பெருகினால், இணையத்தின் படைப்புச் சக்தி குன்றும் என்றார் அவர். என் வாதம் அவருடையதற்கு நெருக்கமானது, ஆனால் அதைவிடக் குறுகியது. உலாவிச் செயலியின் விதியை எழுதப்பட்ட தரநிலை, அதை இயக்கும் எஞ்சின், அந்த எஞ்சினைப் பயனரின் கைக்குக் கொண்டுசேர்க்கும் சாதனம் ஆகிய மூன்று அடுக்குகள் நிர்ணயிக்கின்றன. திறந்திருப்பது முதல் அடுக்கு மட்டுமே.

2. எந்த அளவுக்குத் திறந்தது

1993 ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம், டிம் பெர்னர்ஸ்-லீ அங்கே உருவாக்கிய வலை மென்பொருளைப் பொதுச் சொத்தாக அறிவித்தது. அதன் அருமையை உணர கோஃபரை நினைத்துப் பார்க்க வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்த கோஃபர் அப்போது வலைக்குச் சமமான போட்டியாளன். அதே ஆண்டின் தொடக்கத்தில் வணிகப் பயன்பாட்டுக்கான கோஃபர் சர்வர்களுக்கு உரிமக் கட்டணம் என்று பல்கலைக்கழகம் அறிவித்ததும் பலர் விலகினர். 1994இல் டபிள்யூ3சி அமைப்பு உருவானது. பத்தாண்டு கழித்து, 2004இல், தரநிலையில் பங்கெடுக்கும் உறுப்பினர்கள் தங்கள் காப்புரிமைகளை அதற்கு ராயல்டியின்றி வழங்க வேண்டும் என்ற கொள்கையை அது ஏற்றது. படிக்கவும் நிறைவேற்றவும் தடையில்லை என்ற நிலை இப்படித்தான் வந்தது. இது சிறிய சாதனையல்ல. காணொளிக் கோடெக்குகளிலும் கைபேசி அலைவரிசைத் தொழில்நுட்பங்களிலும் காப்புரிமைக் கட்டணம் எவ்வளவு பெரிய சுமை என்று தெரிந்தவர்களுக்கு அதன் மதிப்பு புரியும்.

எதை எழுதுவது என்று முடிவெடுக்கும் உரிமை வேறு கதை. 2004 ஜூனில் சான் ஹோசேயில் டபிள்யூ3சி கூட்டிய பட்டறையில் மொசில்லாவும் ஓப்பராவும் ஒரு கோரிக்கையை முன்வைத்தன. அன்று டபிள்யூ3சி, எக்ஸ்எம்எல் அடிப்படையில் புதிதாகத் தொடங்கும் பாதையில் போய்க்கொண்டிருந்தது. அதை விட்டு, இருக்கும் ஹெச்டிஎம்எல்லையே செயலிகளுக்கு ஏற்ப வளர்க்க வேண்டும் என்பது கோரிக்கை. வாக்கெடுப்பில் அது தோற்றது. தோற்றவர்கள் இரண்டு நாளில் வாட்டபிள்யூஜி என்ற தனிக் குழுவை அறிவித்தார்கள், ஆப்பிளும் அதில் சேர்ந்திருந்தது. அவர்கள் எழுதியதைத்தான் 2007இல் டபிள்யூ3சி ஹெச்டிஎம்எல்5 என்று எடுத்துக்கொண்டது. 2009இல் தன் எக்ஸ்ஹெச்டிஎம்எல் 2 திட்டத்தைக் கைவிட்டது. 2019இல் ஹெச்டிஎம்எல் தரநிலையின் பொறுப்பே முறைப்படி வாட்டபிள்யூஜியிடம் போனது. வாக்கெடுப்பில் தோற்றவர்களின் கையில் உலாவிகள் இருந்தன. இன்று அந்தக் குழுவின் நடைமுறைப்படி ஒரு புதிய வசதி தரநிலைக்குள் நுழைய குறைந்தது இரண்டு எஞ்சின் தயாரிப்பாளர்களின் ஆதரவு வேண்டும். 2004இல் கூட்டத்துக்கு வெளியே நடந்ததை விதியாக எழுதிவைத்தது போல இருக்கிறது இது.

இதைச் சதியாக வாசிக்க வேண்டியதில்லை. நிறைவேற்றப்படாத தரநிலை காகிதம்தான். ஆனால் இந்த விதியின் ஆழமான நியாயம் வேறொரு நிகழ்வில்தான் தெரிகிறது. உலாவிக்குள்ளேயே ஒரு தரவுத்தளம் வேண்டும் என்ற எண்ணத்தில் வெப் எஸ்கியூஎல் என்ற வரையறை எழுதப்பட்டது. சஃபாரி, குரோம், ஓப்பரா மூன்றும் அதை நிறைவேற்றின. 2010 நவம்பரில் டபிள்யூ3சி அதை நிறுத்தியது. காரணம், மூன்று உலாவிகளும் உள்ளே ஒரே எஸ்கியூலைட் மென்பொருளைத்தான் வைத்திருந்தன. ஒன்றையொன்று சாராத நிறைவேற்றங்கள் இல்லையென்றால் வரையறையில் எழுதியது எது, அந்த மென்பொருளின் தற்செயலான நடத்தை எது என்று பிரிக்க வழியில்லை. மென்பொருளின் பிழையே தரநிலையாகிவிடும். அன்று அந்த முடிவைப் பிடிவாதம் என்றவர்கள் உண்டு. ஒரே எஞ்சின் பெரும்பாலான உலாவிகளை இயக்கும் இன்றைய நிலையில், அந்தப் பிடிவாதம் தொலைநோக்காகப் படுகிறது.

3. ஓர் எஞ்சினை நம்பிய காலம்

ஒரே உலாவிக்காக எழுதிய வலை எப்படி இருக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, வாழ்ந்து பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது. அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில். போட்டியாளரான நெட்ஸ்கேப் வீழ்ந்த பிறகு ஐந்தாண்டுகள் மைக்ரோசாஃப்ட் அவசரப்படவில்லை. நியாயமாகச் சொன்னால், இன்றைய உலாவிச் செயலிகளின் வேரும் அந்நிறுவனத்திடம்தான். பக்கத்தை மறுபடி ஏற்றாமலே சர்வருடன் பேசும் வசதி, அவுட்லுக் மின்னஞ்சலை உலாவியில் காட்டுவதற்காக மைக்ரோசாஃப்ட் தன் தேவைக்கு உருவாக்கி 1999இல் வெளியிட்டது. எந்தக் குழுவிலும் வாக்கெடுப்பு நடக்கவில்லை. மொசில்லா அதைப் பார்த்து எழுதியது, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 2004இன் ஜிமெயிலும் 2005இன் கூகிள் மேப்ஸும் அதன் மேல் எழுந்தன. தரநிலை கடைசியில்தான் எழுதப்பட்டது. எனவே ஒற்றை நிறுவனம் முந்திச் செல்வதே கேடு என்று சொல்ல முடியாது. மற்றவர்கள் அதைப் பார்த்துத் தாமே செய்துகொள்ள முடிகிறதா என்பதே அளவுகோல்.

முடியாதபோது என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா சாட்சி. வலுவான மறையாக்க மென்பொருளை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா தடை விதித்திருந்த 1990களின் இறுதியில், கொரியா தனக்கென சீட் என்ற 128 பிட் மறையாக்க முறையை வகுத்தது. உலாவிகள் அதை அறியா. எனவே வங்கிகள் அதை மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸ் துணைநிரலாக நிறுவச் சொல்லின. பிறகு ஏற்றுமதித் தடை தளர்ந்தது, உலகம் வேறு முறைகளுக்குப் போயிற்று. ஆனால் கொரியாவில் வங்கிக்கணக்கைத் திறக்கவும் இணையத்தில் பொருள் வாங்கவும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலை நீண்டகாலம் தொடர்ந்தது. அந்த ஏற்பாட்டின் அச்சாணியாக இருந்த அரசு அங்கீகாரச் சான்றிதழ் முறை 2020 டிசம்பரில்தான் ஒழிந்தது. சீட் இரகசியமானது அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். வரையறை வெளிப்படையானது. பூட்டு விழுந்தது அதை நிறைவேற்றிய இடத்தில்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான கதையல்ல. 1991இல் வந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் இயங்குதளங்களும் உலாவிகளும் அதைச் சரியாகக் காட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் தமிழ் நாளிதழ்களும் இதழ்களும் தத்தம் எழுத்துருக்களை, தத்தம் குறியேற்றங்களில் வைத்து இயங்கின. டிஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் ஆகியவையும் அவற்றுடன் சேர்ந்தன. வாசகர் எழுத்துருவை இறக்கி நிறுவும் தொல்லையைத் தவிர்க்க மைக்ரோசாஃப்டின் இயங்கு எழுத்துரு முறை கைகொடுத்தது. அது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் வேலை செய்தது, மற்ற உலாவியில் திறந்தால் பக்கம் முழுக்கப் பொருளற்ற குறிகள். வலைக்கான பொது எழுத்துரு வடிவமான வோஃப் 2012இல்தான் டபிள்யூ3சி பரிந்துரை நிலையை எட்டியது. அதற்குள் அந்தப் பழைய பக்கங்களில் பல எந்த உலாவியாலும் படிக்க முடியாதவையாகிவிட்டன. தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டு எழுத்தில் ஒரு பகுதி நமக்கு இப்படித்தான் போனது. யாரும் அதை அழிக்கவில்லை.

4. கடையின் வருகை

2007 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனுக்குச் செயலி எழுத விரும்புவோர் வலைத் தொழில்நுட்பத்தில் எழுதலாம், தனிக் கருவித்தொகுப்பு தேவையில்லை என்றார். டெவலப்பர்கள் ஏமாற்றமடைந்தார்கள். அக்டோபரிலேயே அவர் நிலை மாறியது. 2008 ஜூலையில் செயலிக் கடை திறந்தது. அன்றைய உலாவியால் கேமராவையோ கோப்புகளையோ தொட முடியாது, வேகமான விளையாட்டை ஓட்ட முடியாது என்பதும் உண்மையே. ஆனால் கடையோடு இன்னொன்றும் வந்தது: விற்பனையில் 30 விழுக்காடு கழிவு. அதன்பின் வலைச் செயலியின் திறன் கூடுவதில் சாதனத் தயாரிப்பாளருக்கு அக்கறை காட்டாமல் இருக்க ஒரு பொருளாதாரக் காரணம் உருவானது. அதுவே நோக்கம் என்று நிறுவ ஆதாரம் போதாது. விளைவை மட்டும் பதிவு செய்யலாம்: ஆண்ட்ராய்டு குரோமில் 2015 ஏப்ரலில் வந்த வலைவழி அறிவிப்பு வசதி ஐபோனுக்கு 2023 மார்ச்சில் வந்தது. அதுவும் முகப்புத் திரையில் சேர்க்கப்பட்ட செயலிகளுக்கு மட்டும்.

இந்தியச் சந்தை இதே இழுபறியை அவசர கதியில் நடத்திக் காட்டியது. 2015 மார்ச்சில் ஃபிளிப்கார்ட் தன் கைபேசித் தளத்தை மூடி, செயலியை நிறுவச் சொன்னது. மே மாதம் மிந்திரா தன் இணையதளத்தையே மூடியது. ஆனால் நவம்பரிலேயே ஃபிளிப்கார்ட் லைட் என்ற பெயரில் வலைக்குத் திரும்பிற்று ஃபிளிப்கார்ட். சர்வீஸ் வொர்க்கரை முதலில் பெரிய அளவில் பயன்படுத்திய வணிகத் தளங்களில் அது ஒன்று. 2016 ஜூனில் மிந்திராவின் தளமும் கணினிக்குத் திரும்பியது. நினைவகம் குறைந்த கைபேசியில் ஒரு கடைக்கு ஒரு செயலி என்று இடம் ஒதுக்க வாங்குபவர் தயாராக இல்லை. உலாவிச் செயலியின் உண்மையான பலம் இங்கேதான்: நிறுவச் சொல்லி யாரையும் வற்புறுத்தாமல் ஓர் இணைப்பின் மூலம் வந்துவிட முடிகிறது.

இதைவிடப் பாடம் நிறைந்தது ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ். கைபேசி முழுவதையும் வலைத் தொழில்நுட்பத்தால் இயக்க மொசில்லா 2011இல் தொடங்கிய திட்டம் அது. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் ரூ.1,999க்கு 128 எம்பி நினைவகத்துடன் இந்தியாவில் ஒரு கைபேசியை வெளியிட்டது. 2015 டிசம்பரில் மொசில்லா கைபேசித் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தது. பெரும்பாலோர் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் திறமூல நிரல் காய்ஓஎஸ்ஸாக மறுபிறவி எடுத்தது. 2017 ஜூலையில் ரூ.1,500 முன்வைப்புத் தொகைக்கு அறிவிக்கப்பட்ட ஜியோஃபோனுக்குள் போனது. கோடிக்கணக்கான இந்தியர்களின் முதல் இணையக் கருவி, ஹெச்டிஎம்எல்லிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதப்பட்ட செயலிகளைத்தான் ஓட்டியது.

ஆக, வலை வென்றதா? தொழில்நுட்பமாக ஆம், ஏற்பாடாக இல்லை. செயலிகள் பொதிகளாகக் கட்டப்பட்டுக் கடை வழியே வந்தன. எது உள்ளே வரலாம் என்று கடைக்காரர் முடிவு செய்தார். காய்ஓஎஸ் 2.5இன் எஞ்சின் 2016ஆம் ஆண்டு ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ 48. உலகின் வலை நகர்ந்துகொண்டே இருக்க, அந்தக் கைபேசிகளில் அது உறைந்து நின்றது. வாட்ஸ்அப் 2018 செப்டம்பரில் ஜியோஃபோனுக்கு வந்தது, அதற்கெனத் தனியாக எழுதப்பட்ட செயலியாக. திறந்த தரநிலையில் எழுதுவதால் மட்டும் ஒரு செயலி திறந்த வலையின் பகுதியாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். முதல் அடுக்கு முழுக்கத் திறந்திருந்தும் மூன்றாம் அடுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

5. திறனில் எஞ்சியுள்ள இடைவெளி

உலாவியால் முடியாது என்ற பழைய வாதம் இன்று எவ்வளவு நிற்கும்? கணிப்பு வேகத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. கூகிள் 2011இல் தன் குரோமில் நேட்டிவ் கிளையன்ட் என்ற வழியைக் கொண்டுவந்தது. மற்ற உலாவிகள் அதை ஏற்கவில்லை. மொசில்லா 2013இல் எதிர்த்திசையில் வந்தது: ஜாவாஸ்கிரிப்டின் கட்டுப்படுத்தப்பட்ட ஓர் உட்பிரிவு, எந்த உலாவியிலும் ஓடும், தெரிந்த எஞ்சினில் வேகமாக ஓடும். இரு தரப்பும் 2015இல் வெப்அசெம்பிளி என்று சமரசத்துக்கு வந்தன. 2017இல் நான்கு முக்கிய உலாவிகளிலும் அது ஓடியது, 2019 டிசம்பரில் டபிள்யூ3சி பரிந்துரையானது. வடிவமைப்புச் செயலியான ஃபிக்மா வெப்அசெம்பிளிக்கு மாறியதும் ஏறும் நேரம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கியதாகப் பதிவு செய்தது. அதே ஃபிக்மாவை 2022இல் 2,000 கோடி டாலருக்கு வாங்க அடோபி முன்வந்தது. ஒழுங்குமுறை எதிர்ப்பால் 2023 டிசம்பரில் பேரம் முறிந்தது. உலாவிக்குள் ஓடும் கருவியை அடோபி அவ்வளவு பெரிய போட்டியாகக் கருதியது. ஃபோட்டோஷாப்பே 2023இல் உலாவிக்கு வந்துவிட்டது.

வெப்அசெம்பிளி ஏன் நிலைத்தது, வெப் எஸ்கியூஎல் ஏன் நிலைக்கவில்லை? இரண்டையும் ஒப்பிடும்போது ஒரு வடிவம் தெரிகிறது. வெப் எஸ்கியூஎல் முடிந்த பொருள் ஒன்றை, தரவுத்தளத்தை, தரநிலையாக்க முயன்றது. வெப்அசெம்பிளி அடித்தளத் திறன் ஒன்றை மட்டும் வரையறுத்து, அதன்மேல் என்ன கட்டுவது என்பதை டெவலப்பருக்கே விட்டது. 2013இல் சில தரநிலையாளர்கள் வெளியிட்ட விரிவாக்க வலை அறிக்கையும் இதையே கேட்டது. இதன் இனிய முரண் பின்னர் வந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கோப்பறை ஒன்றை உலாவிகள் தரத் தொடங்கின. 2023 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் சேர, எல்லா முக்கிய எஞ்சின்களிலும் அது கிடைத்தது. 2022 நவம்பரில் எஸ்கியூலைட் திட்டமே தன் வெப்அசெம்பிளி வடிவத்தை அதிகாரபூர்வமாக வெளியிட்டிருந்தது. வெளியேற்றப்பட்ட எஸ்கியூலைட் பன்னிரண்டு ஆண்டு கழித்து உலாவிக்குள் திரும்பியது. இம்முறை எந்தத் தரநிலையும் அதன் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

எஞ்சியுள்ள இடைவெளி சாதனத் தொடர்பில் இருக்கிறது. ப்ளூடூத், யுஎஸ்பி, பயனரின் சொந்தக் கோப்புகள் ஆகியவற்றை வலைக்குத் திறக்க கூகிள், மைக்ரோசாஃப்ட், இன்டெல் ஆகியவை 2018 முதல் ஃபுகு என்ற திட்டத்தில் முயல்கின்றன. 2020இல் ஆப்பிள், பயனரை அடையாளம் காண உதவும் என்று கூறி 16 இடைமுகங்களை நிறைவேற்ற மறுத்தது. மொசில்லாவும் பலவற்றைத் தீங்கானவை என்று வகைப்படுத்தியது. இதை வணிகச் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. பேட்டரியின் அளவைச் சொல்லும் அற்பமான இடைமுகமே பயனரைப் பின்தொடரப் பயன்படும் என்று 2015இல் ஆய்வாளர்கள் காட்டினர். 2017இல் ஃபயர்ஃபாக்ஸ் அதை வலைத்தளங்களிடமிருந்து விலக்கிக்கொண்டது. கடைச் செயலி ஒன்றைப் பயனர் தெரிந்து நிறுவுகிறார். வலைப்பக்கமோ ஒரு சொடுக்கில் வந்து நிற்கிறது. இணைப்பின் வழியே எளிதாக வந்துசேர்வதே வலையின் பலம் என்று மேலே சொன்னேன், அதே எளிமைதான் இங்கே ஆபத்தும்.

சேமிப்பின் நிலை வேறு. 2020 மார்ச் முதல் சஃபாரி, பயனர் ஏழு நாள் உலாவியைப் பயன்படுத்தியும் ஒரு தளத்தைத் தொடவில்லையென்றால், அத்தளம் நிரல்வழி சேமித்த தரவை நீக்குகிறது. பின்தொடர்வோரைத் தடுப்பது நோக்கம். ஆனால் சர்வரில் எதையும் வைக்காமல் பயனரின் கருவியிலேயே எல்லாவற்றையும் வைக்க விரும்பும் செயலிதான், அதாவது அந்தரங்கத்தை உண்மையிலேயே மதிக்கும் செயலிதான், இதில் முதலில் அடிபடுகிறது. முகப்புத் திரையில் சேர்த்தவற்றுக்கு விலக்கு உண்டு. 2024இல் ஐரோப்பாவில் நீக்கப் பார்த்தது அந்த முகப்புத் திரை வசதியைத்தான் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

6. பன்மை எப்படிக் காக்கப்படும்

இப்போது கடினமான பகுதி. ஆப்பிளின் கடை விதி 2.5.6, ஐபோனில் வலை உலாவும் எந்தச் செயலியும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினையே பயன்படுத்தக் கட்டளையிடுகிறது. ஐபோனில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று நாம் காண்பவை வெப்கிட்டின் மேல் போர்த்திய தோற்றங்கள். அனுமதி திறந்த ஐரோப்பாவிலும் எஞ்சினைக் கொண்டுவர நிபந்தனைகள் பல. அங்கே மட்டும் கிடைக்கும் தனிச் செயலியாக வெளியிட வேண்டியிருப்பது அவற்றில் ஒன்று. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2025 மார்ச்சில் இந்தக் கட்டுப்பாடு புத்தாக்கத்தைத் தடுக்கிறது என்று முடிவுக்கு வந்தது. 2025 டிசம்பர் 18 முதல் ஜப்பானின் கைபேசி மென்பொருள் போட்டிச் சட்டமும் மாற்று எஞ்சின்களுக்கு வழி விடச் சொல்கிறது.

மாற்று எஞ்சின்களை அனுமதிப்பதற்கு எதிரான வலுவான வாதம் ஆப்பிளின் பாதுகாப்பு வாதமல்ல. அந்த வலுவான வாதத்தை வலைத் தரநிலையாளர்களே தயங்கித் தயங்கிச் சொல்வதுண்டு. 2013இல் ஓப்பரா தன் பிரெஸ்டோ எஞ்சினைக் கைவிட்டது. 2018 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் தன்னுடையதைக் கைவிட்டு, கூகிளின் குரோமியத்துக்கு மாறுவதாக அறிவித்தது. மிஞ்சியவை குரோமியத்தின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. ஐபோனின் கட்டாயம் நீங்கினால் அங்கும் பிளிங்க் பரவும், அப்போது எல்லோரும் குரோமில் மட்டும் சோதித்து எழுதுவார்கள், 2002 திரும்பும். ஓர் ஏகபோகத்தின் விதியே இன்னொரு ஏகபோகத்துக்கு அணையாக நிற்கிறது என்பது இவ்வாதம்.

இதில் உண்மை இருக்கிறது. ஒரே எஞ்சின் ஆதிக்கத்தின் ஆபத்து கற்பனையல்ல. 2023 ஜூலையில் கூகிள் பொறியாளர்கள், பயனரின் உலாவியும் சாதனமும் மாற்றப்படாதவை என்று தளங்களுக்குச் சான்றளிக்கும் ஒரு முறையை முன்மொழிந்தனர். சான்று தருபவர் அங்கீகரிக்காத புதிய உலாவி எதுவும் அதன்பின் பெரிய தளங்களில் நுழைய முடியாது போயிருக்கும். எதிர்ப்பால் நவம்பரில் அது கைவிடப்பட்டது. அதற்கு முன்பே, 2017இல், திரைப்படக் காப்புக்கான இஎம்இ இடைமுகத்தை டபிள்யூ3சி ஏற்றபோது இதன் சிறு வடிவம் நடந்துவிட்டது. வாக்களித்தவர்களில் 58.4 விழுக்காட்டினர் ஆதரவு. டிஜிட்டல் உரிமைகளுக்காக வாதாடும் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் டபிள்யூ3சியை விட்டே விலகியது. இடைமுகம் திறந்தது, அதன் மறுமுனையில் படத்தைத் திறக்கும் பெட்டகம் மூடியது. புதிய உலாவி எழுதுபவர் அந்தப் பெட்டகத்துக்கு கூகிளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ உரிமம் கேட்டு நிற்க வேண்டும்.

ஆனாலும் கட்டாயத்தால் நிற்கும் பன்மையை நான் ஏற்கவில்லை. வெப்கிட்டுக்குப் போட்டியே இல்லாத ஆண்டுகளில் அது தேங்கியதற்கு எட்டாண்டு தாமதமான அறிவிப்பு வசதியே சான்று. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் விசாரணைகள் சூடு பிடித்த 2022க்குப் பிறகு ஆப்பிள் வலை வசதிகளைச் சேர்த்த வேகம் முந்தைய ஆண்டுகளில் இல்லை. அதே ஆண்டு முதல் ஆப்பிள், கூகிள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா, ஸ்பெயினின் இகாலியா கூட்டுறவு முதலியோர் இன்டரோப் என்ற பெயரில் பொதுச் சோதனைத் தொகுப்பை வைத்து வேறுபாடுகளைக் களைகிறார்கள். தரநிலை ஆவணம் மௌனமாக இருக்கும் இடத்தில் சோதனை பேசுகிறது. வலையின் தரம் உயர அண்மைக் காலத்தில் மிகுதியாக உதவியது புதிய இடைமுகம் எதுவுமல்ல, சலிப்பூட்டும் இந்த வேலைதான் என்பது என் மதிப்பீடு.

7. எஞ்சினின் செலவு

பன்மை குறைவதற்கு விதிகளைவிடப் பெரிய காரணம் செலவு. ஒரு நவீன எஞ்சினைப் பேண நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் வேண்டும், எந்தப் பயனரும் அதற்குக் காசு தருவதில்லை. அந்தப் பணம் தேடல் விளம்பரத்திலிருந்து வருகிறது. சஃபாரியில் இயல்பான தேடுபொறியாக இருக்க 2022இல் மட்டும் கூகிள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளிவந்தது. 2025இல் மொசில்லாவின் நிதித் தலைவர் அதே நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார்: நிறுவனத்தின் வருவாயில் சுமார் 90 விழுக்காடு ஃபயர்ஃபாக்ஸிலிருந்து, அதில் சுமார் 85 விழுக்காடு கூகிள் ஒப்பந்தத்திலிருந்து. ஆக பிளிங்க், வெப்கிட், கெக்கோ மூன்றுக்கும் ஊற்று ஒன்றே.

கூகிள் தேடலில் சட்டவிரோத ஏகபோகம் வைத்திருக்கிறது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த நீதிபதி அமித் மேத்தா, பரிகாரம் என்ன என்பதை 2025 செப்டம்பரில் அறிவித்தபோது இந்தச் சிக்கலில்தான் மாட்டிக்கொண்டார். குரோமை விற்கச் சொல்லவில்லை, பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடுத்தார், பணம் கொடுப்பதை அனுமதித்தார். கொடுப்பனவை முற்றாக நிறுத்தினால், ஏகபோகத்தின் மாற்றாக நிற்கும் உலாவியே முதலில் விழும் என்ற சாட்சியம் அவர் முன் இருந்தது. தேடலே செயற்கை நுண்ணறிவு உரையாடலாக மாறிவரும் வேளையில் இந்த ஊற்று எத்தனை காலத்துக்கு என்பது தனிக் கேள்வி.

மாற்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2020 ஆகஸ்டில் மொசில்லா சுமார் 250 பேரைப் பணிநீக்கம் செய்தபோது கைவிடப்பட்ட செர்வோ எஞ்சினை லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஏற்றது, 2023 முதல் இகாலியா அதை மீண்டும் வளர்க்கிறது. வேறு உலாவிகளின் நிரலை எடுக்காமல் தரநிலை ஆவணங்களைப் படித்தே எழுதப்படும் லேடிபேர்டு 2024 ஜூலையில் இலாப நோக்கற்ற அமைப்பாகியது. 2004இல் இது நடந்திருக்க முடியாது. அன்றைய வரையறைகள் உலாவிகள் உண்மையில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைச் சொல்லவில்லை. பிழையான பக்கத்தை எப்படி வாசிப்பது என்பது வரை எழுதிவைத்த ஹெச்டிஎம்எல்5தான் வெளியிலிருந்து ஒருவர் புதிதாகத் தொடங்குவதைச் சாத்தியமாக்கியது. தரநிலையின் திறப்பு உறுதி செய்வது இந்தச் சாத்தியத்தை மட்டும். செர்வோவோ லேடிபேர்டோ ஒரு நாள் நிறைவுற்றாலும் டோக்கியோவிலும் பிரஸ்ஸல்ஸிலும் சட்டம் போட்ட திறப்பு செயலில் வராதவரை எந்த ஐபோனிலும் அவை ஓட முடியாது. ஓட முடிந்தாலும் கட்டணத் திரைப்படம் காட்ட கூகிளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ உரிமம் பெற்றாக வேண்டும்.